பத்து வருடக் கெடு எந்த நாளிலிருந்து?

கேள்வி: கலிபோர்னியாவில் என் கணவர் நடத்திய கடை நஷ்டத்தில் மூடியது. 2014-ம் ஆண்டு வருமான வரியைக் கட்ட முடியவில்லை. 2016 ஜனவரியில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க மத்திய வரித் துறை) எங்கள் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மேல் அரசு கோரும் உரிமை) பதிந்தது. பத்து வருடத்தில் அது தானாகப் போய்விடும் என்கிறார் நண்பர். இந்த ஜனவரியோடு முடிந்துவிட்டதா? வீட்டை விற்கலாமா? நடுவில் 2018-19-ல் மாமியாரைக் கவனித்துக்கொள்ள ஒன்றரை வருடம் சென்னையில் இருந்தோம். திரும்பி வந்ததும் குறைந்த தொகைக்குத் தீர்த்துக்கொள்ள மனு போட்டோம். ஐந்து மாதம் கழித்து நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: வரியை வசூலிக்க அவர்களுக்குக் கெடு பத்து வருடம் என்பது சரிதான் அம்மா. ஆனால் லீன் பதிந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. வரியை ஐ.ஆர்.எஸ். தன் கணக்கில் ஏற்றிய நாள்தான் தொடக்கம். உங்கள் விஷயத்தில் அது 2015 ஜூன் வாக்கில் இருக்கலாம். கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் லீனைப் பதிவது மற்ற கடன்காரர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே.

அப்படியானால் 2025 ஜூனிலேயே முடிந்திருக்குமே என்று தோன்றும். இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். வரி பாக்கி உள்ளவர் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், அந்தக் காலம் பத்து வருடத்தில் சேராது. பெற்றோரைப் பார்க்கப் போனாலும் விதி அதுதான். ஆக, 18 மாதம் கூடுகிறது. மனு நிலுவையில் இருந்த ஐந்து மாதமும், நிராகரித்த பிறகு 30 நாளும் அப்படியே. அப்பீல் செய்திருந்தால் இன்னும் கூடும். என் கணக்கில் 2027 ஜூன் வாக்கில்தான் கெடு முடிகிறது. திவால் மனு போட்டாலும் இதே கதைதான்.

இன்னொன்று. உங்களிடம் உள்ள லீன் நோட்டீஸில் மறுபதிவுக்குக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருக்கும். அதற்குள் ஐ.ஆர்.எஸ். மறுபடி பதியாவிட்டால், அந்த நோட்டீஸே விடுதலைச் சான்றிதழாகிவிடும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கெடு முடியாமலே தவறுதலாக விடுவித்திருந்தால், அதை ரத்து செய்து மீண்டும் லீன் பதிய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதனால் கவுண்டி பதிவேட்டையும் பாருங்கள், ஐ.ஆர்.எஸ். கணக்கு டிரான்ஸ்கிரிப்டையும் (உங்கள் வரிக் கணக்கின் நகல்) வாங்குங்கள். அது இலவசம். அதில் 150 என்ற எண்ணுக்கு எதிரே உள்ள தேதிதான் நீங்கள் தேடும் தொடக்க நாள். பின்னாளில் கூடுதல் வரி போட்டிருந்தால் அதற்குத் தனித் தேதி, தனிக் கெடு.

விற்பதற்குக் கெடு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கையில் காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. விற்கும் பணத்திலிருந்தே குளோசிங்கின்போது (விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாளில்) பாக்கியைக் கட்டிவிடலாம். முழுதாகக் கட்டினால் 30 நாளுக்குள் லீனை விடுவிக்க வேண்டும் என்பது சட்டம். பணம் போதாவிட்டால், அந்த வீட்டை மட்டும் விடுவிக்கக் கேட்கும் படிவம் 14135 இருக்கிறது. குளோசிங்குக்கு 45 நாளாவது முன்னால் அனுப்புங்கள்.

மாநில வரியிலும் பாக்கி உண்டா? கலிபோர்னியா மாநில வரி லீனுக்கும் பத்து வருடம்தான், ஆனால் நீட்டிக்கலாம். வீட்டின் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் அதையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.