அல்ஜீரியாக்காரங்க பேசிப் பாக்கலையா?

கேள்வி: புதுச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரங்க சத்தமில்லாம கிளம்பிட்டாங்க. அல்ஜீரியாவும் பொறுமையா பேசியிருந்தா பிரெஞ்சு அதிபர் டி கோல் மாதிரி பெரிய மனசுக்காரர் ரத்தமில்லாமலே சுதந்திரம் குடுத்திருப்பாரே, குண்டு வச்சு எதுக்கு இத்தனை உயிர்ப்பலி? - வாசகர், வில்லியனூர்

பதில்: 1954 நவம்பர் 1, புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த அதே நாள்லதான் அல்ஜீரியாவுல எஃப்.எல்.என்.ங்கற விடுதலை இயக்கம் முதல் தாக்குதலை நடத்துச்சு. ரெண்டுக்கும் பாரிஸ்ல ஒரே பிரதமர், மொந்தெஸ் ஃபிரான்ஸ். இங்க விட்டுக்குடுத்தவரு அதே மாசம் பார்லிமென்ட்ல அல்ஜீரியா பிரான்ஸோட ஒரு பகுதி, பிரிக்கவே முடியாதுன்னு அடிச்சுப் பேசினாரு. ஏன்னா அங்க 1830ல படை இறங்கினதுல இருந்து குடியேறின ஐரோப்பியருங்க பத்து லட்சம் பேரு, நல்ல விளைநிலமெல்லாம் அவங்க கையில, அவங்க ஓட்டுக்கு பாரிஸ்ல எந்த அரசும் பயப்படும். புதுச்சேரியில அப்படி யாரு இருந்தா?

பொறுமையா பேசலைன்னு மட்டும் சொல்லாதீங்க. ஃபெர்ஹத் அப்பாஸ்னு ஒரு மருந்துக்கடைக்காரர், பிரெஞ்சு படிப்பு படிச்சவரு, ஆரம்பத்துல தனி நாடுகூட கேக்கல, எங்களையும் சமமான பிரெஞ்சு குடிமக்களா நடத்துங்கன்னுதான் கேட்டாரு, மனு மேல மனு. 1945 மே 8, ஹிட்லர் தோத்ததை உலகமே கொண்டாடுது, செத்திஃப் ஊர்ல அல்ஜீரியக் கொடி தூக்கின ஊர்வலத்துல போலீஸ் சுட்டுது, கலவரத்துல நூறு ஐரோப்பியர் செத்தாங்க, பதிலுக்கு ராணுவமும் குடியேறிகளும் ஆயிரக்கணக்குல கொன்னு குவிச்சாங்க, அப்பாஸையும் பிடிச்சு உள்ள போட்டாங்க. 1947ல ஒரு சபை குடுத்தாங்க, 120 சீட்டு, பத்து லட்சம் ஐரோப்பியருக்கு 60, எண்பது லட்சம் முஸ்லிம்களுக்கு 60! அதுக்கு 1948ல நடந்த தேர்தல்லயும் அப்பட்டமா கள்ள ஓட்டு. அந்த அப்பாஸே 1956ல எஃப்.எல்.என்.ல சேர்ந்தாரு. இதுக்கு மேல யாரு என்ன பேசணும்?

எஃப்.எல்.என். கை சுத்தம்னு சொல்ல வரல. 1955 ஆகஸ்ட்ல ஃபிலிப்வில் பக்கம் பொண்ணுங்க, குழந்தைங்கன்னு பாக்காம வெட்டினாங்க, அது கொடூரம்தான், நான் மன்னிக்க மாட்டேன். ஆனா 1957ல அல்ஜியர்ஸ்ல பாராசூட் படை வீடு வீடா ஆளைத் தூக்கிட்டுப் போயி கரண்ட் ஷாக் குடுத்து சித்திரவதை பண்ணினது அரசாங்கம் குடுத்த அதிகாரத்துல. மொரிஸ் ஓதான்னு 25 வயசு கணக்கு ஆசிரியர், அவரே ஐரோப்பிய வம்சம், அப்படிப் போனவரு திரும்பல, அரசுதான் பொறுப்புன்னு பிரெஞ்சு அதிபர் வாய் திறந்தது 2018ல.

டி கோல் 1959ல சுயநிர்ணயம்னு அறிவிச்சாரு, அதே வருஷம் பெரிய ராணுவ வேட்டையும் நடத்தினாரு. 1960 டிசம்பர்ல ஜனங்க கொடியோட தெருவுல இறங்கின பிறகுதான் பேச்சுவார்த்தை சூடு பிடிச்சுது. அதுலயும் எண்ணெய் கிடைச்ச சஹாராவை மட்டும் தனியா வச்சுக்கப் பாத்தாங்க, 1961ல பேச்சு முறிஞ்சதே அதுக்காகத்தான். அந்த அக்டோபர்ல பாரிஸ்லயே ஊர்வலம் போன அல்ஜீரியர்களை போலீஸ் கொன்னு சேன் ஆத்துல வீசுச்சு, அப்ப அதிபர் இவரேதான். 1962 ஜூலைல நாடு விடுதலையாச்சு, ஆனா விடுதலைக்காகப் போட்ட எவியான் ஒப்பந்தத்துலயே அனுமதி வாங்கிக்கிட்டு 1966 வரைக்கும் அதே சஹாராவுல அணுகுண்டு சோதனை நடத்தினாங்க.