வாசகர் கேள்விகள்: அருங்காட்சியகத்தில் பிள்ளைகளோடு

கேள்வி: பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் ஒரு கூடம் விடாமல் காட்டினோம். அரை மணி நேரத்திலேயே 'வீட்டுக்குப் போகலாம்' என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஏன்?

பதில்: ஒரு கூடம் விடாமல் காட்டியதால்தான். பிள்ளைகள்மேல் குறையில்லை, இந்தக் களைப்பு பெரியவர்களுக்கும் வரும். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-லேயே இதை எழுதினார். பேழைகள் பார்ப்பவரை எப்படியெல்லாம் குனியவும் எக்கவும் வைக்கின்றன என்று படம் பிடித்தே காட்டினார். உடல் சோர்வு ஒரு பக்கம் என்றால், அடுத்தடுத்துப் பார்க்கப் பார்க்கக் கவனம் மங்குவது இன்னொரு பக்கம்.

ஒரு தடவைக்கு ஒரு கூடம், ஐந்து பொருள்கள், ஒரு மணி நேரம் போதும். முதலில் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பொருள்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். ஓவியமானால் பிறகு மூன்று கேள்விகள்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் வகுத்த முறை இது. இரண்டாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். அதுதான் ஊகத்தை மறுபடி பொருளிடம் இழுத்து வரும். பானை, கருவி என்றால் 'எந்த இடம் தேய்ந்திருக்கிறது? கை எங்கே பட்டிருக்கும்?' என்று கேளுங்கள்.

விளக்க அட்டையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால், விடை கிடைத்துவிட்டது என்று கண் அடுத்த பேழைக்குத் தாவிவிடும். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்த வேண்டாம். அட்டையைப் படிக்கும்போது தானே திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்திக்கொண்டது மறக்காது.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்து வந்து வீட்டில் பார்க்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் கண்டதையெல்லாம் எடுக்க வேண்டாம். உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு அவற்றைப் பற்றிய நினைவு வெறுமனே பார்த்தபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. இதைவிட நல்லது வரைவது. பென்சில் கொண்டு போங்கள். பேனாவைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. கைப்பிடி பானையில் எங்கே சேர்கிறது என்பது கோடு போடும்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: சில கூடங்கள் ஏன் இருட்டாக இருக்கின்றன?

பதில்: துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இருக்கும் கூடங்களாக இருக்கும். வெளிச்சத்தால் மங்கிய சாயம் திரும்ப வராது. சேதம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் வெளிச்சத்தை 50 லக்ஸ் (பொருள்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்துவது வழக்கம். உள்ளே போனதும் சில நிமிடம் உட்காருங்கள், கண் பழகிவிடும்.