பழைய நூற்பாலையில் கலை அரங்கம்: கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: பூட்டிக் கிடக்கும் பழைய நூற்பாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கலை அரங்கமாக மாற்ற நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். அடுத்த வாரம் கையெழுத்து. ஒப்பந்தத்தில் 'கிடங்கு உபயோகம்' என்றிருக்கிறது. "அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் உரிமையாளர். அனுமதி வரும்வரை சிறிய இசை நிகழ்ச்சிகள் நடத்தலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு நிகழ்ச்சியானாலும் வேண்டாம். அந்த ஆலை இயந்திரங்களுக்காகவும், வழி பழகிய தொழிலாளர்களுக்காகவும் கட்டப்பட்டது. முதன்முறையாக வருகிற நூறு பேர், பாட்டுச் சத்தத்தில், அரையிருட்டில், எந்தக் கதவைத் தேடி ஓடுவார்கள்?

2016 டிசம்பர் 2 இரவு, அமெரிக்காவின் ஓக்லாந்தில் கிடங்கு அனுமதி மட்டுமே இருந்த கட்டடத்தில் இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பிடித்தது. 36 பேர் இறந்தார்கள். தானாக நீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு அங்கே இல்லை. மாடிப்படி ஒன்று, சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை வைத்துச் செய்தது. அந்த 36 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் கட்டடத்தின் உரிமையாளர் அல்ல, குத்தகைதாரர். நீங்கள் உட்காரப்போவது அவருடைய இடத்தில்.

ஆகவே வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அரங்கம், பொது நிகழ்ச்சி என்று உபயோகத்தை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். உபயோக மாற்ற அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் வாடகை. கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். கூரை, தூண், சுவர் பழுது யார் செலவு என்பதும் எழுத்தில் வரட்டும். காப்பீட்டில் 'கிடங்கு' என்றிருந்தால், கூட்டத்தில் நேரும் விபத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதற்கு அனுமதி தனி. உத்தரத்தில் தொங்கும், பெல்ட் வழியாக இயந்திரங்களைச் சுழற்றிய பழைய இரும்புத் தண்டைக்கூடக் கேட்காமல் கழற்றாதீர்கள். பழைய ஆலைகள் போன்ற தொழில் பாரம்பரியத்தைக் காப்பது குறித்த சர்வதேச ஆவணமான 2003ஆம் ஆண்டின் நிஸ்னி தாகில் சாசனம், புதிய உபயோகத்தை ஏற்கிறது. ஆனால் மாற்றங்கள் குறைவாகவும், பின்னர் நீக்கக்கூடியவையாகவும் இருக்கச் சொல்கிறது. மேடையும் இருக்கைகளும் சுவரைத் தொடாமல் தனியே நிற்கட்டும். பெரும்பாலும் சிக்கல் வருவது வாசலில்தான்: அகலப்படுத்து என்பார் தீயணைப்பு அதிகாரி, தொடாதே என்பார் பாரம்பரிய அதிகாரி. இருவரையும் ஒரே நாளில் அந்த வாசலுக்கே வரவழையுங்கள். கடிதத்தில் ஆறு மாதம் இழுப்பது அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் ஊறிய எண்ணெய், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எட்டும் ஒலி ஆகியவற்றையும் நிபுணரை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்த வாரக் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். இந்த நிபந்தனைகளுக்கு உரிமையாளர் மறுத்தால், முன்பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.