பூட்டிய வீடு, நடுராத்திரியில் அலறும் அலாரம்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா காலத்து வீடு இருக்கிறது. நாங்கள் சென்னையில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணங்காட்சிக்கும்தான் ஊருக்குப் போவோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ராத்திரி முகப்பில் படுத்துக்கொள்வார். 6 வருடத்துக்கு முன் திருட்டு அலாரம் போட்டோம். ஆடி பிறந்ததிலிருந்து யாரும் வராமலே ராத்திரியில் அலறுகிறது. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுகிறதே என்று அந்த அண்ணன் இப்போது அதை அணைத்தே வைத்திருக்கிறார். போட்டுக் கொடுத்த கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “பழசாகிவிட்டது, முழு செட்டையும் மாற்றணும், 48,000 ரூபாய் ஆகும்” என்கிறார். மாற்றிவிடலாமா?
— கானாடுகாத்தான் வாசகி, தற்போது சென்னை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். எது கெட்டிருக்கிறது என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை. அலாரம் என்பது ஒரே பொருள் அல்ல. சுவரில் இருக்கும் பேனல், அதற்குள் ஒரு பேட்டரி, கதவுகளில் காந்த சென்சார், ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் பி.ஐ.ஆர். சென்சார், சைரன், உங்களுக்கு போன் போடும் சிம் பகுதி என்று ஐந்தாறு உருப்படிகள். எல்லாம் ஒரே மாதத்தில் ஒன்றாகக் கெட்டுப்போக வழியில்லை. எந்த ஒன்றில் கோளாறு என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

முதல் வேலை, அலாரத்தை அணைத்து வைத்திருப்பதை நிறுத்துவது. பேனலில் வீடு ‘சோன்’ சோனாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்வாசல் ஒன்று, பின்கட்டு ஒன்று, முற்றத்தைச் சுற்றிய வளவு ஒன்று என்று. எந்த சோன் சத்தம் போட வைத்தது என்பது பேனலின் நினைவில் பதிவாகியிருக்கும், கீபேடில் பார்க்கலாம். அந்த ஒரு சோனை மட்டும் ‘பைபாஸ்’ செய்துவிட்டு மற்றதை ஓட விடுங்கள். கடைக்காரர் இதைச் செய்து கொடுக்காமல் முழு செட்டுக்கு விலை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடியில் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. ஆடிக்காற்றில் பழைய இரட்டைக் கதவு ஆடும். தேக்கு நிலையும் கதவும் எவ்வளவு கனமானாலும் கீல் தேய்ந்து, தாழ்ப்பாள் துளை அகன்றுபோயிருக்கும். கதவில் ஒரு காந்தம், நிலையில் அதற்கு எதிரே ஒரு சின்ன சுவிட்ச். இரண்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகினாலே பேனலுக்குக் கதவு திறந்ததாகக் கணக்கு. அண்ணனிடம் போனில் சொல்லி இதைச் செய்து பார்க்கலாம்: அலாரத்தை அணைத்து வைத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டு, உள்ளேயிருந்து கதவை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். இன்னொருவர் கீபேடைப் பார்க்கட்டும். அந்த சோனின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கள்ளன் அங்கேதான். தாழ்ப்பாளை இறுக்கி, காந்தத்தைக் கொஞ்சம் நெருக்கி வைத்தால் போதும். கதவில் இரும்புப் பட்டை அடித்திருந்தால் காந்தத்தின் வலு குறையும். நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்துப் பொருத்துவார்கள். சுவிட்சே கெட்டிருந்தாலும் விலை சில நூறு ரூபாய்தான்.

கதவு சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வளவில். நம் வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான் என்று சொல்வேன். பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூடு அசைவதைப் பார்ப்பது. மூடிய அறைக்காகச் செய்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், புறா, வௌவால், ஓட்டு மேலிருந்து இறங்கும் பூனை, காலையில் நேராக விழும் வெயில் என்று இருக்கும் இடத்தில் அதை மாட்டினால் அது அலறத்தான் செய்யும். அது பழுதல்ல, மாட்டிய இடம் தப்பு. புது செட் வாங்கி அதே தூணில் மாட்டினால் அதுவும் இதே பாட்டைப் பாடும்.

இரண்டாம் கட்டுக்குப் போகும் வழியில், பக்கச் சுவர் மூலையில், சுமார் ஏழடி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள் இருக்கும் வீடு என்பதால் பலர் கோட்டின் முனையில், எதிரே பார்த்தபடி மாட்டிவிடுகிறார்கள். சென்சார் தன்னை நோக்கி நேராக வருபவரைத் தாமதமாகத்தான் உணரும். குறுக்கே கடப்பவரை உடனே பிடித்துவிடும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது சாதாரண சென்சாருக்குக் கண் மங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வளவில் இருந்தே ஆக வேண்டுமென்றால் வெட்டவெளிக்கென்று வரும் இருமுறை சென்சார் கேளுங்கள். அது சூட்டையும் மைக்ரோவேவ் அலையையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் குரல் கொடுக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் தகும்.

மாற்றுவதற்கு முன் சென்சாரின் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். ஆறு வருடம் ஆளில்லாத வீட்டில் இருந்தது. கம்பி நுழையும் துளையை அடைக்காமல் விட்டிருந்தால் உள்ளே எறும்புக் கூடோ, பல்லி முட்டையோ, கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலையோ இருக்கும். அந்தச் சிலந்தி சென்சாரின் கண்ணுக்கு முன்னால் நடந்தாலும் அலாரம் அடிக்கும். துடைத்து, துளையை சிலிகான் வைத்து அடைத்தால் தீர்ந்தது.

இனி பேட்டரி. பேனலுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் மூடிய பேட்டரி இருக்கும். ஆயுள் 3 முதல் 5 வருடம்; நம் ஊர் வெக்கையில் இன்னும் குறையும். நீங்கள் 6 வருடத்தில் ஒரு தடவையாவது மாற்றினீர்களா என்று எழுதவில்லை. மாற்றவில்லை என்றால் வேறு எது செய்தாலும் செய்யாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். செத்த பேட்டரி இருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பேனல் தடுமாறும். தனக்கென்று தனி பேட்டரி உள்ள வெளி சைரன், பேனலிலிருந்து மின்சாரம் அறுந்ததும் யாரோ கம்பியை வெட்டிவிட்டதாக எண்ணித் தானே கத்தும். அலாரம் அடித்த இரவுகளில் கரண்ட் போனதா என்று அண்ணனைக் கேளுங்கள். புது பேட்டரி ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், குப்பையில் போட வேண்டாம். பேனலைத் திறந்து மாற்றுவது தெரிந்த எலக்ட்ரீஷியன் வேலை; அண்ணனைச் செய்யச் சொல்லாதீர்கள்.

முழுக்க மாற்ற வேண்டிய நிலை எப்போது வரும்? பேனலின் போர்டு இடியில் கருகிப் போய், அந்த மாடலுக்குப் போர்டே கிடைக்காதபோது. அப்போதுகூடப் பேனலைத்தான் மாற்ற வேண்டும். கம்பி வழி வேலை செய்யும் சாதாரண காந்த சென்சார், 12 வோல்ட் பி.ஐ.ஆர். எல்லாம் வேறு கம்பெனி பேனலிலும் பொருந்தும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உங்கள் சுவர். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துப் பளபளப்பாக்கிய பூச்சை, புதுக் கம்பி இழுக்க ஒருமுறை வெட்டினால் அதே மெருகோடு ஒட்டுப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அபூர்வம். 48,000 ரூபாய் விலைப்பட்டியலில் அந்தச் சேதாரம் இருக்காது. இருக்கிற கம்பியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். புது இடத்தில் சென்சார் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் வயர்லெஸ் போடலாம்.

கடைக்காரரிடம் இரண்டு கேளுங்கள். எந்த உருப்படிக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பிரித்து எழுதிய விலைப்பட்டியல். அடுத்து, பேனலின் ‘இன்ஸ்டாலர் கோடு’, அதாவது பேனலின் அமைப்பை மாற்றுவதற்கான ரகசிய எண். உங்கள் பணத்தில் வாங்கிய பேனலின் சாவி அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாரையும் தொடவிடாமல் செய்வது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அலாரம் அடித்தால் என் போனுக்கு அழைப்பு வர வேண்டும். சில மாதமாக வருவதில்லை. சைரன் மட்டும் அடிக்கிறது. பேனல் போய்விட்டதா?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: பேனலுக்குள் இருக்கும் சிம்முக்குக் கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தீர்கள்? மாதக்கணக்கில் பயன்பாடில்லாத எண்ணை நிறுவனம் நிறுத்திவிடும். சிம்மை எடுத்துச் சாதாரண போனில் போட்டுப் பாருங்கள். வேலை செய்தால், யாராவது அண்மையில் ஜியோ சிம் மாற்றிப் போட்டார்களா என்று விசாரியுங்கள். பழைய பேனல்கள் 2ஜி மட்டும் தெரிந்தவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி பகுதி தனியாக வாங்கிப் பொருத்த முடியும் மாடலா என்று பாருங்கள், முடியும் என்றால் அது போதும்.

கேள்வி: 8 மாதத்துக்கு முன் வாங்கிய அலாரம். மழையில் இடி இடித்த மறுநாளிலிருந்து பேனல் உயிரில்லாமல் கிடக்கிறது. ஒரு வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது “இடிக்கு வாரண்டி இல்லை, பேட்டரிக்கும் இல்லை, ஒருமுறை விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்” என்கிறார்கள். பில்லில் என் அண்ணன் பெயர் இருக்கிறது. வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் பங்கு. நான் புகார் செய்ய முடியுமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வாங்கியவரை மட்டும் நுகர்வோர் என்று சொல்லவில்லை. அவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். அண்ணனிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேச்சு வராது. ஆனால் வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறீர்கள் என்றால் வழக்கின் போக்கு மாறும். வணிகத்துக்கு வாங்கிய பொருள் இந்தச் சட்டத்தில் வராது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழிலுக்கு விலக்கு உண்டு.

இடி விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பல வாரண்டி அட்டைகளில் இடி, மின்னழுத்த ஏற்றம் இரண்டையும் ஒதுக்கி எழுதியிருப்பார்கள். உங்கள் அட்டையை வரி வரியாகப் படியுங்கள். அப்படி எழுதியிருந்தாலும் இடியால்தான் கெட்டது என்று சும்மா வாயால் சொன்னால் ஆகாது. போர்டைத் திறந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தரச் சொல்லுங்கள். அடாப்டர் மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் முதலில் பார்க்கட்டும். பொருத்தியவரே எர்த் கொடுக்காமல் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு, அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். “விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்” என்ற பேச்சு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. நீங்கள் பிடிக்க வேண்டியது வாரண்டியை.

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே முடிகின்றன. அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு வைஃபை அலாரம் வருகிறது. ஆச்சி மட்டும் தனியாக இருக்கும் காரைக்குடி வீட்டுக்கு வாங்கலாமா?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: வாங்குவதற்கு முன் ரூட்டரை முகப்பில் வைத்து, போனை எடுத்துக்கொண்டு பின்கட்டு வரை யாரையாவது நடக்கச் சொல்லுங்கள். அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி மூன்றாம் கட்டில் சிக்னல் நிற்பது கடினம். இந்த வகையில் சில, பேனலுக்கும் சென்சாருக்கும் நடுவே வைஃபைக்குப் பதில் 433 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகின்றன. அது சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும், அந்த வகையைப் பாருங்கள். நெட் போனாலும் சைரன் அடிக்க வேண்டும், கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்க வேண்டும், சிம் போட இடம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். ஆச்சி தனியாக இருப்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டனும் சேர்ந்து வரும் செட்டாக எடுங்கள். அந்த பட்டன் அழைக்கும் முதல் எண் சிங்கப்பூர் எண்ணாக இருக்க வேண்டாம். அதே தெருவில், கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வரக்கூடியவர் எண்ணாக இருக்கட்டும்.