போன கிறிஸ்துமஸ் கடனே இன்னும் தீரவில்லையே!

கேள்வி: கடலூர் முதுநகரில் மாமியாரோடு சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 26,000 ரூபாய். பிள்ளைகள் இரண்டு பேர். இந்த வருடம் கொழுந்தனார் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தீபாவளி போனஸில் 10,000 ரூபாய் மிச்சம் வைத்திருக்கிறேன். அதில் பாதியை அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டு, ஆறடி கிறிஸ்துமஸ் மரத்தை மட்டும் கிரெடிட் கார்டில் வாங்கலாமா? வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். போன கிறிஸ்துமஸுக்குக் கார்டில் 14,000 ரூபாய் செலவானது. பிப்ரவரியிலிருந்து மாதம் 700 தவறாமல் கட்டுகிறேன். இன்னும் 12,500-க்கு மேல் பாக்கி காட்டுகிறது. எப்படி என்றே புரியவில்லை.
— வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது அலங்காரத்தைப் பற்றி. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன விஷயம்தான் பெரிய விஷயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம் வரை போகிறது. 14,000-க்கு அது 490 ரூபாய். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சுமார் 88 ரூபாய். ஆக நீங்கள் கட்டும் 700-இல் 578 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. முதல் மாதம் அசலில் கழிவது 122 ரூபாய்தான், பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும்! பத்து மாதத்தில் 7,000 கட்டியிருக்கிறீர்கள், அசலில் குறைந்தது ஏறக்குறைய 1,500. வங்கி தப்பாகக் கணக்குப் போடவில்லை. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால் இப்படித்தான் நகரும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை, அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. மரத்தை வாங்கிய அன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். எனவே மரம் கார்டில் வேண்டாம். ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்று வந்தாலும் வேண்டாம்; பிராசசிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று ஏதாவது ஒன்று கூடவே வரும்.

10,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: 7,500 கார்டுக்கு, 2,500 அலங்காரத்துக்கு. துணிமணி, கேக், பிரியாணி எல்லாம் டிசம்பர் சம்பளத்துக்குள் அடங்கட்டும். வருகிற இரண்டு குடும்பத்தில் ஒருவர் கேக்கையும் ஒருவர் இறைச்சிச் செலவையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கார்டில் மீதி நிற்பது 5,000 சொச்சம். ஜனவரியிலிருந்து மாதம் 1,000 கட்டினால் ஜூன், மிஞ்சினால் ஜூலையில் தீர்ந்துவிடும். 1,000 முடியாது என்றால், மீதியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தருவார்களா என்று வங்கியில் கேளுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் மாமியாரிடம் நீங்களே பேசிவிடுங்கள். காசு இருந்தாலும் இப்போது அடிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவர், அதுவும் உப்புக்காற்றடிக்கும் முதுநகர்ச் சுவர்! ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் கோடைக்குள் பொருக்குப் பொருக்காக உரியும். பொங்கல் கழித்து வெயில் ஏறட்டும். இப்போதைக்கு வாசல் நிலையையும் கதவையும் நன்றாகத் துடைத்து, வாசலில் பெரிதாக ஒரு கோலம் போட்டால் போதும்.

சரி, 2,500-க்கு வருவோம். இதில் 1,200 ரூபாயைக் குடிலில் வைக்கும் சுரூபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, வைப்பேன். பலூனும் ஜிகினாவும் 26-ஆம் தேதி குப்பைக்குப் போகும். மண் சுரூபம் பேரப்பிள்ளை காலம்வரை வரும். உங்கள் பக்கத்திலேயே வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பண்ருட்டியிலும் உண்டு. குடில் செட் இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். முழு செட்டும் ஒரே வருடத்தில் வாங்க வேண்டியதில்லை. இந்த வருடம் மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு. இடையர்களும் ஆடுகளும் அடுத்த வருடம். மூன்று ராஜாக்கள் அதற்கும் அடுத்த வருடம். எப்படியும் அவர்கள் திருநாள் ஜனவரி 6-இல்தானே, தாமதமாக வரலாம்! குடிலுக்குப் புல் வேண்டுமென்றால் டிசம்பர் 12, 13 வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுங்கள். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் வேலை. தரைக்கு தேவனாம்பட்டினத்து மணல் ஒரு பை.

ஸ்டாருக்கு 300. கடையில் வாங்குவதை விட வீட்டில் கட்டுவது அழகாகவே வரும். மூங்கில் சிம்பு ஐந்தை ஐந்து முனை நட்சத்திரமாகக் கட்டுங்கள். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் நூலால் இறுக்குங்கள். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் சாண் நீளத்தில் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். வண்ணத்தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். பல்பு போட ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும், குண்டு பல்பு போட்டால் தாள் கருகும். மழை நனைக்காமல் சன்ஷேடுக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

மரத்துக்குச் செலவே இல்லை என்று சொல்வேன். சவுக்கு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் மரத்துக்குக் கடன் வாங்குவானேன்? தோப்பு வைத்திருப்பவரிடம் கேட்டு ஆளுயரக் கிளை ஒன்றை வாங்கி, மணல் நிரப்பிய வாளியில் நடுங்கள். 22-ஆம் தேதிக்கு முன்னால் வெட்ட வேண்டாம், காய்ந்துபோகும்.

சீரியல் லைட்டுக்கு 500. எல்.இ.டி.யே வாங்குங்கள். மொத்தம் 10 வாட், தினம் 6 மணி நேரம், 20 நாள் எரிந்தாலும் 1.2 யூனிட்தான். கரண்ட் பில் பயம் வேண்டாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் கவனம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடும். மீதி 500 ரூபாய் டேப், நூல், பேட்டரி என்று கடைசி நாளில் நினைவுக்கு வருகிறவற்றுக்கு.

இதற்கெல்லாம் பாண்டிச்சேரி ஞாயிறு சந்தைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். நான்கு பேருக்குப் போகவர பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, பிள்ளைகள் கேட்கும் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தால் மலிவாக வாங்கியதன் லாபம் அங்கேயே தீர்ந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கிடைக்காதது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த வருடத்துக்கு என்று யாராவது கிறிஸ்துமஸ் சீட்டுப் பிடிக்கச் சொன்னால், பதிவு செய்த சீட்டா என்று முதலில் கேளுங்கள். கார்டுக் கடன் தீர்ந்த மாதத்திலிருந்து அதே 1,000-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தாலே டிசம்பருக்குள் 5,000 சேர்ந்துவிடும்.

அப்புறம், அந்த 7,500-ஐப் பில் தேதி வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள். கார்டு வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. இதைப் படித்த அன்றே கட்டிவிட்டு, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.