மதுரையில் போலீஸ்காரர் லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை பிடிக்குமா, காவலர் சங்கம் குறுக்கே நிற்குமா?

முதலில் சங்கம். 1966-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேரவே முடியாது. அதனால் சங்கம் கொடி பிடித்து வழக்கைத் தடுக்கும் என்ற பயம் வேண்டாம்.

உரசல் வேறு இடத்தில். லஞ்ச ஒழிப்புத் துறையில் வழக்கை விசாரிப்பவர்களும் போலீஸ்காரர்கள்தான். சில வருடம் இருந்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புவார்கள். இன்று பிடிபட்டவரின் நண்பரே நாளை விசாரித்தவருக்கு மேலதிகாரியாக வரலாம். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

ஆனாலும் பொறி வைத்துவிட்டால் தப்புவது கஷ்டம். மேலூரோ திருமங்கலமோ, எந்த ஊரானாலும் முறை ஒன்றுதான். நீங்கள் கொடுக்கப்போகும் நோட்டுகளில் பினாப்தலீன் பவுடர் தடவுவார்கள். வாங்கிய விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். வேறு துறை அரசு ஊழியர்கள் சாட்சியாக இருப்பார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த 17ஏ பிரிவு, அதிகாரிகள் எடுத்த முடிவுகளை விசாரிக்க முன் அனுமதி கேட்கிறது. கையும் களவுமாகப் பிடிக்க அது தேவையில்லை.

அதனால் கேட்ட அன்றே புகார் கொடுங்கள். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கொடுத்தவர் மீதும் வழக்கு வரலாம்.