விண்டோஸ் மாற்றினேன், டாங்கிள் சிடியாகிவிட்டது!

கேள்வி: ஒடுகத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எல்லாம் உண்டு. சாலையைத் தோண்டி இணையக் கேபிள் அறுந்துபோகும் நாட்களில் சமாளிக்க, 2013-இல் வாங்கிய, சிம் போட்டு இணையம் எடுக்கும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். போன வாரம் நண்பர் ஒருவர் கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-இல் இருந்து 11-க்கு மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஒன்று வருகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால், எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, கடைசியில் ‘டிவைஸ் இல்லை’ என்கிறது. டிரைவரை எங்கே தேடுவது? வாலாஜாவில் என் மாமா அலுவலகத்தின் பேக்ஸ் மோடமும் சமீபத்தில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

பதில்: டிரைவர், அதாவது கருவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள், அதைத் தேடும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சிடி டிரைவாகத் தெரிகிறது என்றால் உங்கள் டாங்கிளுக்கு உயிர் இருக்கிறது. அது இன்னும் மோடமாக, அதாவது இணையத்தோடு இணைக்கும் கருவியாக, மாறவில்லை, அதுதான் சிக்கல்.

அந்தக் காலத்து டாங்கிள்களுக்கு இரண்டு வேடம். செருகியதும் முதலில் சிடி டிரைவாக வரும். தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே சுமந்துகொண்டு வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. டிரைவர் ஏறியதும் கூடவே வந்த மென்பொருள், ‘சிடியை வெளியே எடு’ என்பது போன்ற ஒரு கட்டளையை அனுப்பும். டாங்கிள் உடனே அந்த வேடத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மறுபடி வரும். விண்டோஸை மாற்றும்போது அந்தக் கட்டளையை அனுப்புகிற மென்பொருள் போய்விட்டது, அல்லது புதிய விண்டோஸில் ஓட மறுக்கிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் அழைக்காவிட்டால் வேடம் திரைக்குப் பின்னாலேயே நிற்குமே, அந்தக் கதைதான்.

ஆகவே முதலில் காசு செலவில்லாத வழி. அந்த சிடி டிரைவ் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். பல டாங்கிள்கள் இதற்கே மோடமாக மாறிவிடும். கால் நிமிடம் பொறுங்கள். அதற்கு முன் ஒன்று: டாங்கிளை கேபினட்டின் முன்பக்கம் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், சிக்னல் தேடும்போது இந்த டாங்கிள்கள் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். முன்பக்கத்துக்குப் போகும் மெல்லிய ஒயரில் அது தள்ளாடும். போதாக்குறைக்கு நம் ஊர் மே மாத வெயில். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்!

எஜெக்ட் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையா? ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். மஞ்சள் முக்கோணம் போட்ட பெயர் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் யுஎஸ்பி பட்டியலில் டாங்கிளைச் செருகும்போது புதிதாக வருகிற பெயரையும் இரண்டு முறை கிளிக் செய்து, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டாங்கிளின் மேல் எந்த செல்போன் நிறுவனத்தின் சின்னம் இருந்தாலும் அது மேல்சட்டைதான். உள்ளே இருப்பவர் யார் என்று சொல்வது இந்த எண். விஐடி (தயாரித்த நிறுவனத்தின் எண்) என்பதற்குப் பின்னால் 12டி1 என்று இருந்தால் வாவே, 19டி2 என்று இருந்தால் இசட்டிஇ. அடுத்து வரும் பிஐடி (கருவியின் எண்) தான் வேடத்தைச் சொல்லும். வாவே டாங்கிளில் 1446 என்றால் இன்னும் சிடிதான். மோடமாக மாறியதும் அது 1001, 1436, 1506 என்று வேறு எண்ணாகிவிடும். டிரைவர் தேடுவதானால் இந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

அதே ஜன்னலின் ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘கோட்’ (Code) என்று ஒரு பிழை எண்ணும் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 52 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் அதன் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 28-க்கு மருந்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கலாம். நண்பர் ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்யாமல் மாற்றியிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று வரிசையாகப் போனால் பழைய டிரைவர்கள் அப்படியே கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, கம்ப்யூட்டரிலேயே தேடச் சொல்லி, அந்த இடத்தைக் காட்டுங்கள். வழக்கமாக 10 நாளில் விண்டோஸ் இந்த ஃபோல்டரைத் தானே அழித்துவிடும். போன வாரம் மாற்றினேன் என்கிறீர்கள், இன்றைக்கே அதை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அது கிடைக்காவிட்டால் உங்கள் போனை யுஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) இணைத்து, விண்டோஸ் அப்டேட்டின் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று கூவுகிற மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவை இறக்கும் குப்பையை அள்ளுவதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

விண்டோஸ் 11-இல் இன்னொரு தடுப்பும் உண்டு. 32-பிட் டிரைவர் இதில் ஏறவே ஏறாது. 64-பிட் ஆனாலும் பழையதாக இருந்தால் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு அதை நிறுத்தக்கூடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’, ‘கோர் ஐசோலேஷன்’ என்று போனால் அது இருக்கும். அதை அணைத்துவிட்டால் டாங்கிள் ஓடும் என்று யாராவது சொல்வார்கள், ஓடவும் செய்யலாம். ஆனால் உங்கள் கடையில் ஊரார் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் ஆகின்றன. பழைய டாங்கிள் ஒன்றுக்காக அந்தக் கதவைத் திறந்து போடுவது சரியில்லை என்பது என் கருத்து.

சரி, டாங்கிள் மோடமாக மாறிவிட்டது, ஆனால் டேஷ்போர்டு, அதாவது டாங்கிளோடு வந்த இணைப்பு மென்பொருள், இன்னும் ‘டிவைஸ் இல்லை’ என்றால்? 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர்க்காரர் வீடு மாறவில்லை, முகவரியில் மாவட்டம் மட்டும் திருப்பத்தூர் ஆனது. அதுபோல, விண்டோஸ் மோடத்துக்குக் கொடுக்கும் போர்ட் எண்ணில், முன்பு காம் 5 ஆக இருந்த மோடம் இப்போது காம் 8 ஆகியிருக்கலாம், டேஷ்போர்டு பழைய எண்ணிலேயே தட்டிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டை மூடிவிட்டு, கன்ட்ரோல் பேனலின் ‘போன் அண்ட் மோடம்’ பகுதியில் மோடத்தைத் தேர்ந்தெடுத்து ‘குவெரி மோடம்’ அழுத்துங்கள். வரிவரியாகப் பதில் வந்தால் டிரைவர் நன்றாக இருக்கிறது. அப்புறம் டேஷ்போர்டே வேண்டாம்: *99# என்ற எண்ணுக்கு ஒரு டயல்-அப் இணைப்பு உண்டாக்கினால் போதும்.

இவ்வளவும் செய்வதற்கு முன் டாங்கிளின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 2013-இல் வாங்கியது பெரும்பாலும் 3ஜி. ஜியோவுக்கு 3ஜி-யே கிடையாது, ஏர்டெல் தன் 3ஜி-யைச் சில ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டது. எந்த சிம் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஏர்டெல் என்றால், டிரைவரெல்லாம் சரியான பிறகும் 2ஜி வேகத்தில் பட்டா ஒன்று இறங்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போன் டெதரிங்கை வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வைஃபை தரும் 4ஜி ஹாட்ஸ்பாட் வாங்குவேன். வைஃபையில் இணைத்துவிட்டால் அதற்கு டிரைவரே தேவையில்லை.

மாமாவின் பேக்ஸ் மோடம் வேறு கதை. பழைய கம்ப்யூட்டர்களின் உள் மோடம்களில் அகெரே நிறுவனத்தின் சிப் நிறைய உண்டு. அதற்கான டிரைவர் விண்டோஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பது தெரியவந்ததும், 2025 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைத் திருத்தாமல் அடியோடு எடுத்துவிட்டது. அதை நம்பியிருந்த பேக்ஸ் மோடம்கள் இனி விண்டோஸில் ஓடாது என்று வெளிப்படையாகவே அறிவித்தும்விட்டது. டிவைஸ் மேனேஜரில் அகெரே அல்லது எல்எஸ்ஐ (அகெரேயை வாங்கிய நிறுவனம்) என்ற பெயர் இருந்தால் பழைய டிரைவரைத் தேடிப் போடச் சொல்லாதீர்கள், திருடனுக்குச் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பேக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் விண்டோஸ் 11-க்கு டிரைவர் உள்ள வெளி யுஎஸ்பி மோடமாகப் பார்த்து வாங்கட்டும். அல்லது பேக்ஸ் வசதியுள்ள பிரிண்டரில் தொலைபேசி ஒயரை நேராகச் செருகிக்கொள்ளட்டும்.